ஆவுடையப்பனைப் பார்க்க வந்த புகை

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஆவுடையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், அவர் மனைவி கோமதி வாசலில் நின்ற தானோடியை ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி கதவைத் திறக்காமலே பதில் சொன்னது. ஆவுடையப்பனின் இந்த ஆண்டுப் புகைப்பங்கு தீர்ந்துவிட்டதாம்.

கோமதிக்குக் கணக்கு இடித்தது. முன்பு ஒருமுறை மாரடைப்பு வந்ததிலிருந்து மனுஷன் தெருவிலேயே இறங்கவில்லை. பிறகெப்படித் தீரும்?

இப்படித்தான். எல்லோர் மணிக்கட்டிலும் கரிவளை உண்டு. ஊர் சுற்றினால் வண்டி கக்கும் கரியை அளந்து அவரவர் பங்கில் கழிக்கும். நியாயம்தான். ஆனால் சட்டம் எழுதிய புண்ணியவான்கள் கொஞ்சம் இரக்கப்பட்டார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும் பயணத்தை மட்டும் நோயாளியின் பங்கில் ஏற்றச் சொன்னார்கள். நம் சனத்துக்கு இது போதாதா! குற்றாலத்தில் சாரல் விழுந்ததோ இல்லையோ, சென்னையிலும் கோவையிலும் இருந்த சொந்தபந்தம் மொத்தமும் ஆவுடையப்பனைப் பார்க்கத் தென்காசிக்குக் கிளம்பிவிட்டது. ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் நீட்டி, முகத்தைத் தொங்கப்போட்டு, காப்பி குடித்த கையோடு அருவிக்குப் போனார்கள். இத்தனை பேர் வந்ததில் கோமதிக்கும் பெருமைதான்.

ஆம்புலன்ஸுக்கு முன்பு விலக்கு இருந்தது. கல்யாண வீட்டுக்கெல்லாம் சனம் அதில் போய் மாட்டிக்கொண்டதில் அதுவும் ரத்தாகிவிட்டது.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் தன் பயணக் காரணத்தைத் திருத்தினாலும் அந்தப் பங்கு ஆவுடையப்பனுக்குத் திரும்பும் என்றது வண்டி. காலையில் வந்து பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களோடு அருவிக்குப் போயிருந்த தம்பிக்குக் கோமதி போன் அடித்தாள். அருவியில் நிற்பவன் எங்கே எடுக்கப் போகிறான்? ஆவுடையப்பனின் உதடு நீலம் பாரித்தது. தன் பங்கில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். நோயாளிக்கான பயணம் நோயாளி பங்கில்தான் ஏறுமாம்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரி குற்றாலம் போகிற வழியில்தானே இருக்கிறது, பாதியில் இறங்கிக்கொள்ளலாம்.

"உல்லாசப் பயணம். என் பேர்ல. குற்றாலத்துக்கு" என்றாள்.

கதவு உடனே திறந்தது. அடுத்த வீட்டுக்காரர் கைகொடுக்க அவரைத் தூக்கி ஏற்றினாள்.

வண்டி ஊர்ந்து போனது. வேகம் கூடினால் கரி கூடுமே. உள்ளே புல்லாங்குழல் இசை வேறு. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். வண்டி நிற்காமல் தாண்டிப் போனது. கண்ணாடியை இரண்டு கையாலும் குத்தினாள், கத்தினாள். பயணக் காரணத்தை நடுவழியில் மாற்ற இயலாது என்று சொல்லிவிட்டு, வலப்பக்கம் மலை அழகாகத் தெரிவதைப் பார்க்கச் சொன்னது அந்தப் பாழாய்ப்போன வண்டி. அவள் முந்தானையைப் பற்றியிருந்த ஆவுடையப்பனின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

அருவிக்கரையில் கதவு திறந்தது. தலையில் எண்ணெய் வழிய ஓடிவந்தான் தம்பி பேச்சிமுத்து. அத்தானே குளிக்க வந்துவிட்டார் என்று எல்லோரையும் கூப்பிட்டான். கிட்டே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யாராவது ஒருத்தர் வளையைத் தொட்டு, அருவிக்குத்தான் வந்தேன்னு சொல்லுங்க. வண்டி இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிரும். உங்க கால்ல விழுதேன்" என்றாள் கோமதி.

அப்படிச் சொன்னால் வந்த பயணம் சொன்னவர் கணக்கில் ஏறி அவர் பங்கு தீர்ந்துவிடும். ஊர் திரும்ப வண்டி கிடைக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னக்கா இப்படிச் சொல்லுத? நாங்க அத்தானைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றான் பேச்சிமுத்து.

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். கரிவளை கட்டிய ஈரக் கைகள் ஒவ்வொன்றாகத் துண்டுக்குள் போயின.