மூன்றாம் அறையின் மணி

திருப்புளிக்கு வரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று தடவை அந்தக் குளிர்கிடங்குக்கு வந்து சர்வரின் கடிகாரத்தைப் பழுதுபார்த்த கூலி. "மணி ஒழுங்கா நிக்கட்டும், மொத்தமா வாங்கிக்க" என்று ஒவ்வொரு தடவையும் மேலாளர் கைவிரித்தார். இது நான்காவது தடவை. வீட்டு வாடகை இரண்டு மாதம் நிற்கிறது.

கொண்டையில் எந்நேரமும் திருகாணி கழற்றும் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கிடங்கு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே செத்துப்போன சுமைதூக்கியின் மனைவி. மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாளை நீட்டினாள்.

"ஏம்மா, மணி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீதானே?"

"நான் பார்த்தப்ப சரியாத்தான் இருந்துச்சுக்கா."

"நீ பார்த்தப்ப இருந்துச்சு. அவர் போனப்ப? அஞ்சு பத்துக்கு உள்ள போனாராம், அஞ்சு முப்பத்திரண்டுக்குக் கதவைத் திறந்தாங்களாம். இருபத்திரண்டு நிமிஷத்துல குளிர் ஆளைக் கொல்லாது, நெஞ்சுவலின்னு விசாரணையில எழுதிட்டாங்க. ஏழரைக்குத்தான் தூக்கினாங்கன்னு ஆஸ்பத்திரி வண்டி ஓட்டினவர் சொன்னாரு. உன் கையெழுத்துக்கு முன்னால அவர் பேச்சு எடுபடல."

திருப்புளி தாளின் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் கைநாட்டுதான். பெட்டி நசுக்கி, பெருவிரல்ல குறுக்கால வெட்டுத் தழும்பு. கூலிப் புத்தகத்துல அந்த விரலை வச்சா வச்சதுதான். ஒரு நாளும் பொய்க்கு வச்சதில்ல."

திருப்புளிக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூன்றாம் உறைகுளிர் அறை. சாவு நடந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. முன்பெல்லாம் அதன் வாசலில் ஒரு விரல் இயந்திரம் இருந்தது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பெருவிரல் வைக்கவேண்டும். சர்வரின் மணியை வைத்துக் கணக்குப் பார்த்து, அரை மணிக்கு மேல் யாராவது உள்ளேயே இருந்தால் சங்கு ஊதும். அன்றைக்கு ஊதவில்லை.

திருப்புளி வேலையில் இறங்கினாள். சர்வருக்கு மணி சொல்லும் மென்பொருள் அரதப் பழசு. தெருவில் போகிற எவனாவது "மணி மூணு" என்று கத்தினால், நீ யாரப்பா என்று கேட்காமல் முள்ளைத் திருப்பி வைக்கிற வெகுளி. சாவுக்குப் பிறகு முதல் தடவை வந்தபோது மணியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் தடவை புதுப் பதிப்பு போட்டாள். மூன்றாம் தடவை வெளியாள் நுழையும் வழியெல்லாம் அடைத்தாள். ஆனாலும் வீடு போய்ச் சேருவதற்குள் "மணி மறுபடி ரெண்டு மணி நேரம் பின்னால போயிடுச்சு" என்று தொலைபேசி வந்துவிடும்.

இன்றைக்கு ரகசியச் சாவி போட்டாள். அந்தச் சாவி தெரிந்தவன் சொன்னால்தான் சர்வர் மணியை மாற்றும். சாவியை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

திரையில் 5:10.

"அப்பாடா" என்று நிமிர்ந்தாள்.

3:10.

"அட சனியனே!"

திருத்தினாள். மறுபடி இரண்டு மணி நேரம் பின்னால் விழுந்தது. அணைத்து ஏற்றினாள். விழுந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை. எரிச்சலில் மேசைக்காலை எட்டி உதைத்தாள். வலித்தது அவள் கால்தான்.

மேலாளர் எட்டிப்பார்த்தார். "இன்னுமா முடியல? மணியைத் திருப்பி வைக்கிறதுக்கு இவ்வளவு நேரமா? என் பொண்ணு செஞ்சிருப்பா."

"அப்ப அவளையே கூப்பிடுங்க சார். பாக்கியையும் அவளுக்கே குடுங்க."

கோபத்தோடு, மணியை மாற்றுவது யார் என்று பதிவேட்டைத் திறந்தாள். வந்த செய்தியில் சாவி சரியாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன் அவள் போட்ட அதே சாவி. அனுப்பிய இடம், மூன்றாம் அறை வாசல் விரல் இயந்திரம்.

"சார், அந்த விரல் மெஷின் எங்க?"

"அதை அன்னைக்கே கழட்டி எறிஞ்சாச்சே."

எழுந்துபோய்ப் பார்த்தாள். சுவரில் இரண்டு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒட்டுநாடா.

வயரின் மேல் வெண்மையாக உறைபனி பூத்திருந்தது.

சர்வர் அறைக்குத் திரும்பியபோது அவள் மூச்சு புகையாக வந்தது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் மூக்கில் ஏறியது.

பின்சுவரில் ஒரு தட்டல்.

மெதுவாக. உள்ளங்கையால் தட்டுவது போல.

இன்னொன்று.

"எலி" என்றார் மேலாளர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் திருப்புளிக்கு உறைத்தது. கையெழுத்துப் போட்டாளே தவிர, சாவு நடந்த நாளின் பதிவை அவள் புரட்டியதே இல்லை. அடுத்த வேலைக்கு ஓடுகிற அவசரம். அந்த நாளைத் திறந்தாள். 5:21. மூன்று இருபத்தொன்று என்று மாற்றச் சொல்லி ஒரு செய்தி. அனுப்பியது மேலாளரின் கணினி. முந்தைய நாட்களிலும் அப்படியே.

"எதுக்கு சார்?"

"லாரி லேட்டாக் கிளம்பினா அபராதம்மா. மணியைப் பின்னால தள்ளிட்டா கிளம்பின நேரம் சரியா வரும். ராத்திரி பழையபடி வச்சிடுவேன்." குரல் தேய்ந்தது. "உள்ள ஆள் இருக்கான்னு எனக்கென்ன தெரியும்?"

அரை மணியை எண்ணிக்கொண்டிருந்த சங்குக்கு, அந்த ஆள் இன்னும் உள்ளே போகவே இல்லை என்று ஆகிவிட்டது. கதவு திறந்ததாக எழுதிய ஐந்து முப்பத்திரண்டு உண்மையில் ஏழு முப்பத்திரண்டு. இரண்டு மணி நேரமும் இருபத்திரண்டு நிமிடமும் அவர் கதவைத் தட்டியிருக்கிறார்.

"பாக்கியை இப்பவே தர்றேன். ரெண்டு மடங்கா. நீ கையெழுத்துப் போட்ட பழைய பேப்பர் அப்படியே இருக்கட்டும்."

இரண்டு மாத வாடகையும் தீர்ந்து மிச்சம் இருக்கும். ஒரு கணம் அவள் கை விசைப்பலகையின் மேல் நின்றது.

தட்டல் நின்றது.

காதோரத்தில் குளிர்ந்த மூச்சு. யாரோ தோளுக்குப் பின்னால் நின்று, படிக்கத் தெரியாவிட்டாலும், திரையையே பார்த்துக்கொண்டிருப்பது போல.

அவள் தட்டச்சு செய்தாள். "அன்றைய பதிவைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. கதவு திறந்தது ஏழு முப்பத்திரண்டுக்கு." பதிவை இணைத்து விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

திரையில் மணி தானாக முன்னே நகர்ந்தது. 5:52. அதன்பின் பின்னால் விழவில்லை.

"உன் பாக்கி அவ்வளவுதான், காலணா கிடையாது" என்று கத்தினார் மேலாளர்.

"வச்சுக்கங்க சார். மூணு தடவையும் நான் வேலையா பார்த்தேன்? பொய்க்குச் சுண்ணாம்பு அடிச்சேன்."

வாசலில் ஒரு நகலை அந்த அக்காவின் கையில் கொடுத்தாள். "தப்பா எழுதிட்டேன்க்கா. திருத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. திருப்புளி பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதை அடித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினாள். தாள் சில்லென்றிருந்தது.

தொகைக்குப் பக்கத்தில், பணம் பெற்றுக்கொண்டவர் விரல் வைக்கிற இடத்தில், வெண்பனியால் ஒரு பெருவிரல் ரேகை.

குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

பேனாவை எடுத்து அந்தத் தொகையின் மேல் கோடு போட்டாள். அவருக்கு அவள் பட்ட கடன் தீர்ந்தது.

விடிந்து வெயில் ஏறியும் அந்த ரேகை உருகவில்லை.