இணையாக ஒரு சுற்று

“இடம் விடுங்க... பக்கத்தில் ஒரு வண்டி வருது.”

ஹெட்செட்டில் வந்த தேர்வாளரின் குரலுக்கு மஹ்ரீனிடம் பதில் தயாராக இருந்தது.

“பார்த்துட்டேன். நீங்க உங்க இடத்துல வாங்க... நான் என் இடத்துல போறேன்.”

சிவகாசியில் ஒரு மாடி அறை. மேசையில் இறுக்கிப் பொருத்திய ஸ்டியரிங், காலடியில் பெடல், எதிரே திரையில் வளைந்து ஓடும் பந்தயப் பாதை. ஆன்லைன் ரேஸிங் லீகில் சேர்வதற்கான தேர்வு அது. வேகம் மட்டும் போதாது. தேர்வாளரின் வண்டிக்கு இணையாக, உரசாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் ஸ்டியரிங்கை விட்டால் தோல்வி. சீசனுக்கு இரண்டே வாய்ப்பு. “பொண்ணுக்கு எதுக்கு இந்த வம்பு?” என்று லீகில் எவனோ ஒருவன் கேட்டதிலிருந்து, சேர்ந்தே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றாள் அவள்.

கடைசி வளைவு நெருங்கியது. அப்போதுதான்... ‘டமார்!’

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்த ஊரில் அப்படியொரு சத்தம் கேட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவார்கள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா காலையில்தான் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கப் போயிருந்தார். மஹ்ரீன் ஸ்டியரிங்கை விட்டாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

தெருவெல்லாம் ஜனம். தூறல் வேறு. ஓடிக்கொண்டே அத்தாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுங்க அத்தா, எடுங்க...

“என்னம்மா? டீ குடிச்சிக்கிட்டிருக்கேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. தெருமுக்கில் காரணமும் தெரிந்தது. பேப்பர் லோடு ஏற்றி வந்த லாரியின் டயர் வெடித்திருந்தது. இதற்குத்தான் இந்த ஓட்டமா!

“அண்ணே, தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில லோடை இறக்கிட்டியா? உனக்கு ஒண்ணுமில்லையே? போனை எடுக்க இம்புட்டு நேரமா?”

பின்னால் யாரோ போனில் பேசினார்கள். ஹெட்செட்டில் கேட்ட அதே குரல்! திரும்பினாள். செருப்பில்லாத கால்களோடு, கழுத்தில் ஹெட்செட் தொங்க ஒருவன் நின்றிருந்தான்.

“நீங்க... டெஸ்டரா?”

அவன் திகைத்துப் பார்த்தான். பெரிய கண்கள்... தூறலில் இமை நனைந்து, இப்போதுதான் பயந்து முடித்த கண்கள். அதை மறைக்கக்கூடத் தெரியவில்லை அவனுக்கு. மஹ்ரீனால் பார்வையை எடுக்க முடியவில்லை.

“இடம் விடாத வண்டி நீங்கதானா?”

“மெட்ராஸ்காரர் கணக்கா பேசுனீகளே... இங்கனதான் இருக்கீகளா?”

“அடுத்த தெரு. பேப்பர் குடோன் வீடு. பேரு சாபிர்.”

“சரி... செருப்பு எங்க?”

“என்னைய கேக்கீக... உங்க கால்ல ரெண்டும் வேற வேற செருப்பு!”

குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். மழை வலுத்தது... இரண்டு பேருமே நகரவில்லை.

சாயங்காலம் முடிவு வந்தது. ‘தோல்வி. ஸ்டியரிங்கை விட்டார்.’ கீழே தேர்வாளர் பெயர்: சாபிர்.

சிரித்த வாய் கசந்தது. அவனும்தானே விட்டான்? மறுநாள் தெருமுக்கில் வழிமறித்தாள்.

“எனக்கொரு நியாயம், உங்களுக்கொரு நியாயமா?”

“ரூல் அப்படிங்க... மாத்தி எழுத முடியாது.”

“மாத்தச் சொல்லி யாரு கெஞ்சுனா? அடுத்த தடவை உங்க வண்டி என் பக்கத்துல வேண்டாம்!”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... பேசாமல் போய்விட்டான். போனால் போகட்டும்!

போனது அவன்தான், கண்கள் போகவில்லை. ஓட்டிப் பழகும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு வந்து நின்றன. அதற்காக ஓட்டாமல் விடுவாளா? உள்ளங்கை காய்த்துப்போகும்வரை ஓட்டினாள். “பரீட்சைக்குக்கூட நீ இம்புட்டுப் பாடுபடலையேம்மா,” என்றார் அத்தா.

இரண்டாவது தேர்வுக்குப் புதிய தேர்வாளர். தூத்துக்குடி இசக்கிப்பாண்டி.

“இன்னைக்கு ரெண்டு பேருக்கு ஒண்ணா டெஸ்டும்மா. பக்கத்து வண்டி சாபிர்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவுகளுக்கு எதுக்கு டெஸ்ட்?”

“உங்க ரிசல்ட்டை எழுதுன அன்னைக்கே, நானும் ஸ்டியரிங்கை விட்டேன்னு தானே எழுதிக் கொடுத்துட்டாரு. டெஸ்டர் பொறுப்பு போச்சு. இதுல தோத்தா அவருக்கும் இந்த சீசன் கிடையாது.”

வண்டிகள் கிளம்பின. மஹ்ரீன் மைக்கில் சாபிரைக் கேட்டாள்.

“நான் அம்புட்டு ஏசும்போது ஏன் சொல்லலை?”

“சொன்னா உங்களைச் சமாதானப்படுத்தச் செஞ்சதா ஆயிரும். தப்பு செஞ்சேன், எழுதுனேன். அம்புட்டுதான். ரோட்டைப் பாருங்க...”

பார்த்தாள். கண் கலங்கினாலும் கை கலங்கவில்லை. கடைசி வளைவில் அவன் வண்டியின் பின்பக்கம் வழுக்கி அவள் பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே போனால் இடிக்கும். இரண்டு பேருக்கும் எல்லாம் முடிந்தது. பிரேக் பிடித்தால் இணை கெட்டுவிடும். மஹ்ரீன் பல்லைக் கடித்துக்கொண்டு பாதையின் விளிம்புவரை ஒதுங்கினாள். ஒரு சக்கரம்கூட வெளியே போகவில்லை. அவன் வண்டி சமாளித்து நேரானது. இரண்டும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன.

“மார்க் போடணும்... கொஞ்சம் பொறுங்க,” என்றார் இசக்கிப்பாண்டி.

பொறுப்பதாவது!

“சாபிர்... பாஸோ பெயிலோ, நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப.”

பதில் உடனே வந்தது.

“நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும் மஹ்ரீன்... உங்க கோவத்துக்குப் பயந்துட்டேன். ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவை உங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?”

“வாங்க... அத்தாகிட்ட நானே சொல்லி வைக்கிறேன்.”

யாரோ கனைத்தார்கள்.

“ரெண்டு பேரும் பாஸ்,” என்றார் இசக்கிப்பாண்டி. “நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். பிரியாணிக்கு எனக்கும் சொல்லி விடுங்க.”

மஹ்ரீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.