ஏரிக்கரையில் ஒரு கறை

மத்தியானம் சாப்பிடப் போனபோது ஓவியத்தின் ஏரிக்கரையில் அந்தக் கறை இல்லை; இப்போது இருந்தது. கரோலினுக்கு அது நன்றாகத் தெரியும். பழைய ஓவியங்களைத் துடைத்துச் சுத்தமாக்குவதுதான் அவளுடைய தொழில். கனடாவில், ஸ்காபரோ வீட்டின் நிலவறையான பேஸ்மென்ற்தான் பட்டறை.

இது பின்லாந்து ஓவியம். மரங்களுக்குக் கருநீலமும் பனிக்கு இரத்தச் சிவப்புமாக ஆவேசத்தோடு அப்பிய காடு. காடுதான் கோயில், அதற்குள் மனிதன் கால் வைக்கக்கூடாது என்று நம்பியவராம் வரைந்தவர். அவருடைய படங்களில் மருந்துக்கும் ஆளில்லை. நாளைக்கு இதை ஓவியக் கலரியில் ஒப்படைக்காவிட்டால் இனி அவளுக்கு வேலையும் இல்லை.

மேலே கதவடியில் அவள் கணவன் பஸ்ரியன் நீல ஜக்கெற்றோடு சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழிருந்து கேட்டாள்.

"இஞ்சருங்கோ, படம் துடைக்க எனக்கு எந்தப் போத்தல் தண்ணி எடுத்துத் தந்தனீங்கள்?"

"மேசையில இருந்தது. ஐயோ, அது ஈஸ்டருக்குச் சேர்ச்சில மந்திரிச்சதெல்லோ! தண்ணிதானே, பறவாயில்லை. நான் ஸ்னோ தள்ளப் போறன்."

கரோலினுக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. ஒரு போத்தலைப் பார்த்து எடுக்கத் தெரியாதா இந்த மனுசனுக்கு? வேறு தண்ணீர் எடுத்துவர நேரமும் இல்லை. அதிலேயே பஞ்சை நனைத்து மறுபடி தேய்த்தாள். வெளியே பனியள்ளும் சவள் சீமெந்தில் உரசும் சத்தம் சீராகக் கேட்டது. கூடவே எங்கிருந்தோ ஈரமான பைன் பிசின் மணம் வந்து, தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே தங்கிக்கொண்டது. கறை போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் துலங்கியது. மரங்களை விட்டு விலகி முன்னுக்கு வந்திருந்தது.

தலை. தோள். குனிந்த முதுகு.

ஆளில்லாத படத்தில் ஆள்! அழுகை வந்தது. நாள் முழுக்கப் பட்ட பாடெல்லாம் வீண்.

"போய்த் தொலை!"

பஞ்சுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்து, அரிசியளவு முகத்தை அழுத்தித் தேய்த்தாள்.

உரிந்து வந்துவிட்டது.

பஞ்சைப் பார்த்தாள். தோல் நிறம். இளஞ்சூடு.

வெளியே சவள் சத்தம் நின்றது.

அப்போதுதான் படத்தில் மிஞ்சியிருந்ததைப் பார்த்தாள். நீல ஜக்கெற். கையில் சவள்.

படிகளில் தடுக்கி விழுந்து, எழுந்து, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முதுகைக் காட்டி நின்றான்.

"இஞ்சருங்கோ..."

பஸ்ரியன் திரும்பினான். தொப்பிக்குக் கீழே கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. தேய்த்த துணி மாதிரி வெறுமை. கையுறை போட்ட விரல்கள் மெதுவாக மேலே வந்து, அந்த வெறுமையில் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தன.