நாற்பது ரூபாய் மணிக்கூடு

"நாப்பது ரூபாயோ...?"

கேட்டது கடைக்காரர் அல்ல. பக்கத்தில் நின்ற அந்த நெட்டையன். கேட்டதோடு விட்டிருக்கலாம்... சிரித்தும் விட்டான்.

இரத்தினேஸ்வரிக்கு முகம் குப்பென்று சிவந்தது. அரசாங்கக் கச்சேரியில் டைப்பிஸ்ட் வேலை முடிந்து, அப்பா தந்த நாற்பது ரூபாயோடு, மழைக்கு ஒதுங்கினதுபோல அபூதாஹிரின் மணிக்கூட்டுக் கடைக்குள் நுழைந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளை முகமும் கறுத்த எண்களுமாய், ரயில்வேக்காரர்கள் சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பொக்கெற் மணிக்கூடு.

"நான் உங்களோட கதைக்கேல்லையே!"

"மன்னிக்க வேணும்... சிரிப்பு என்னைக் கேட்டுக்கொண்டு வாறேல்லை."

அபூதாஹிர் இடையில் புகுந்தார். "தங்கச்சி, இது அறுநூறு ரூபா. வெளிநாட்டுச் சாமான் வாறதே நிண்டு போச்சு. இந்தத் தம்பியும் நாளாந்தம் வந்து விலை கேக்கிறார், ஒரு சதம் குறைக்கல்ல நான்."

"அறுநூறா! அப்பா முப்பத்தைஞ்சுக்கு வாங்கினவர். விலைவாசி ஏறிப்போச்செண்டு ஐஞ்சு ரூபா கூட்டியும் தந்துவிட்டவர்..."

"எப்ப வாங்கினவர்?" மறுபடியும் நெட்டையன்.

"முப்பது வருசத்துக்கு முந்தி, ஜப்பான்காரன் இங்க குண்டு போட முதல்!"

"அப்ப சரிதான். அந்த நாளில அது பெரிய காசு. இப்ப அதுக்கு இந்தச் சங்கிலிதான் வரும்..."

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மை தீட்டாமலே கறுத்த கண்கள்... அவன் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. குடையை விரிக்கவும் மறந்து, கொட்டுகிற மழைக்குள் இறங்கி நடந்தாள் அவள்.

'என்ன வாய்... என்ன சிரிப்பு...' வழி முழுக்க வைதாள். அந்தச் சிரிப்பில் கன்னத்தில் விழுந்த குழி ஏன் நினைவில் நிற்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

அப்பா சிவகுரு ரயிலில் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் மூதூருக்கு லோஞ்சுப் படகில் போகையில், லோஞ்ச் எவ்வளவு பிந்துகிறது என்று பக்கத்து ஆளுக்குக் காட்ட மணிக்கூட்டை வெளியே எடுத்தார். சங்கிலி அறுந்து, கொட்டியாரக் குடாவுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து மனுசன் கையொடிந்த மாதிரி. தூரத்தில் ரயில் கூவினால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்... வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பும்.

பேக்கரிப் பாணுக்குக் கியூவில் நிற்கிற காலம் அது. அரிசி விலை ஏறியதை ஒப்புக்கொள்வார், சீனி விலையையும் ஒப்புக்கொள்வார். மணிக்கூட்டின் விலை மட்டும் அவரைப் பொறுத்தவரை ஏறவில்லை. அவளுக்கும் சொல்ல மனம் வரவில்லை.

"கடை பூட்டியிருந்தது அப்பா..."

அடுத்த ஞாயிறு படலையைத் திறந்துகொண்டு வந்தவனைக் கண்டு அவளுக்குப் பகீரென்றது. அதே நெட்டையன்! வெள்ளைக் கார்ட் உடுப்பில்.

"ஐயா, நான் கனகசுந்தரம். புதுசா மாற்றலாகி வந்த கார்ட். அபூதாஹிர் நானா உங்களைப் பற்றிச் சொன்னவர். என்னட்ட ஒரு மணிக்கூடு மேலதிகமாக் கிடக்கு... நாப்பது ரூபாக்கு எடுக்கிறியளோ?"

வெள்ளை முகம், கறுத்த எண்கள்... அதேதான்! அவள் வாய் திறக்கப்போனாள். அவன் கண்கள் கெஞ்சின. சொல்லாதீங்கோ...

சிவகுரு அதைக் காதில் வைத்துக் கேட்டார். முகமெல்லாம் பல். ஆனால் பேரம் பேரம்தானே?

"நாப்பதோ? முப்பத்தைஞ்சு!"

"சரி ஐயா."

"பாத்தியா பிள்ளை! உலகம் இன்னும் கெட்டுப்போகேல்லை."

அப்பா சிரித்து எத்தனை நாள்... அந்தச் சிரிப்புக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். நெஞ்சுக்குள் மட்டும் கோபமும், பெயர் தெரியாத வேறொன்றும் முட்டிமோதின.

சிவகுரு சும்மா இருக்கிற ஆளா? சந்தையிலும் கோயிலடியிலும் விலையைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். ஒரு கிழமைக்குள் அபூதாஹிரே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"கார்ட் ஐயா, என்ன வேலை பாத்தீங்க! ரிட்டயரான ரயில்காரர் முழுக்க முப்பத்தைஞ்சு ரூபாயோட என்ட கடையில நிக்கிறாங்க! அந்தத் தம்பி முழுசா அறுநூறு தந்து வாங்கினதுங்க அது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். சிவகுருவின் முகம் இருண்டது. மணிக்கூட்டை லேஞ்சித் துணியில் சுற்றி மகளிடம் நீட்டினார்.

"பிச்சை எடுக்கிற நிலையில நான் இல்லை. கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

ஸ்டேசனில் தூறல். கொழும்பு வண்டி புறப்பட ஆயத்தமாக நின்றது. கடைசிப் பெட்டியடியில் பச்சைக் கொடியோடு அவன்.

"இந்தாங்கோ. எங்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லி ஆர் கேட்டது?"

"இரக்கமோ? அண்டைக்கு நான் சிரிச்ச உடன உங்கட கண் நிறைஞ்சு போச்சு..."

"அது மழைத்தண்ணி!"

"ஓம்... கடைக்குள்ள மழை."

சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்காக அறுநூறு ரூபாயை ஆரும் இப்பிடிக் குடுப்பினமே?"

"குடுக்கேல்லை... வைச்சிருக்கத் தந்தனான்." அவன் குரல் தாழ்ந்தது. "சீதனமே வாங்கமாட்டன் எண்டு அம்மாட்டச் சொல்லி வைச்சனான். இப்ப ஒண்டே ஒண்டு கேக்கப்போறன்... இந்த மணிக்கூடு. அதுவரைக்கும் உங்கட அப்பான்ர பையில கிடக்கட்டும்."

விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் தூறல் கூடச் சுட்டது.

"கார்ட்! கொடியைக் காட்டும்!" ஸ்டேசன் மாஸ்டர் கத்தினார்.

"வண்டி பிந்துது..." என்றாள் தரையைப் பார்த்தபடி.

"பதில் தெரியாமல் கை எழும்பாது."

அவள் லேஞ்சியோடு மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"திரும்பி வந்த உடன வீட்டை வாங்கோ. அப்பாட்ட நேர கேளுங்கோ. ஆரோ ஒருத்தர் தந்தால்தான் அவருக்குப் பிச்சை... மருமகன் தந்தால் இல்லை."

"அது அப்பான்ர பதில். உங்கட பதில்?"

ஜன்னல்களில் தலைகள் நீண்டன. ஆரோ விசிலடித்தார்கள். அவள் முதல் தடவையாகக் கோபமில்லாமல் அவனை நிமிர்ந்து, நேராகப் பார்த்தாள்.

"அண்டைக்கு மழைக்குள்ள நடந்தபோது வழி முழுக்க உங்களைத்தான் ஏசினனான்... இண்டு வரைக்கும் வேற ஒருத்தரையும் நினைக்க ஏலாமல் கிடக்கு. போதுமோ?"

பச்சைக் கொடி உயர்ந்தது.