இருபதுக்குக் கீழே

காலையில் திருச்சியின் பயம் இருபத்து மூன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தொன்று. வயிறு நிறைந்த ஊர் எப்போதும் கொஞ்சம் தைரியசாலி.

வழக்கறிஞர் இன்பநாதன் வாசலில் நாற்காலி போட்டு, தெருமுனையில் இருந்த அச்சமானிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எல்லோர் மணிக்கட்டிலும் அரசாங்கம் ஒரு நாடிமணியைக் கட்டிவிட்டது. நெஞ்சு படபடத்தால் அது போட்டுக் கொடுத்துவிடும். ஊராரின் படபடப்புச் சராசரிதான் பலகையில் ஓடும். அது இருபதுக்குக் கீழே இறங்கி ஒரு மணி நேரம் நின்றால் ஊருக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயத்தில் போட்ட காவல் சட்டம் தானாகவே செத்துப்போகும். கேமராக்கள் அணையும். சந்தேகத்தில் பிடித்தவர்களை விட்டுவிடுவார்கள்.

இந்த அருமையான பிரிவை எழுதியவர் இன்பநாதனேதான். சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் ஒரே தராசில் நிறுத்தியவர் என்று சால்வை போர்த்தினார்கள். பிறகு அவர் மகன் அகிலன் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, நெஞ்சு படபடத்து, சந்தேகத்தில் சிறைக்குள்ளே போனான். அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மனுவோடு அலைந்தார். வெயிலில் வியர்த்ததுதான் மிச்சம்.

குண்டுக்குப் பயப்படுவதை ஜனங்கள் எப்போதோ விட்டிருந்தார்கள். இப்போது பயமெல்லாம் நாடிமணியைப் பார்த்துத்தான். எண் எப்படி இறங்கும்? இன்று என்னவோ, ஞாயிற்றுக்கிழமை, மேகம் வேறு போட்டிருந்தது, இறங்கியது.

"பத்தொன்பது!" என்று கத்தினாள் மனைவி மங்கையர்க்கரசி.

"கத்தாதே மங்கை. மெதுவா மூச்சு விடு."

"ஏன், மூச்சு விடறதுக்கும் ஒரு பிரிவு எழுதி வெச்சிருக்கீங்களா?"

எதிர்வீட்டு ஃபிர்தௌஸ் கண்ணை மூடி நின்றாள். அவள் கணவனும் உள்ளேதான். அரைமணி கடந்தது. பதினெட்டு. முக்கால் மணி. இன்பநாதன் இஷ்டதெய்வத்தைக் கூப்பிடக்கூடப் பயந்தார். அதில் வேறு படபடத்துத் தொலைத்தால்?

அப்போதுதான் பின்தெருவில், தம்பியைச் சிறையில் விட்ட யாரோ ஒரு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தான். நம்மூரில் தலைவர் ஜெயித்தாலும் வெடி, மாப்பிள்ளை வந்து இறங்கினாலும் வெடி, கிழவர் போய்ச் சேர்ந்தாலும் வெடி. விடுதலைக்கு மட்டும் சும்மா இருப்பார்களா? இன்னும் நாலு தெருக்கள் சேர்ந்துகொண்டன.

குண்டை மறந்திருந்த ஊருக்குக் குண்டு ஞாபகம் வந்தது. நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபத்திரண்டு. எழுபதைத் தாண்டியதும் காவல் சட்டம் தானாகவே மேலும் ஐந்து வருடம் நீண்டது. அதுவும் அவர் எழுதிய பிரிவுதான்.

இன்பநாதன் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"அது சந்தோஷ வெடின்னு எனக்கும் தெரியும் சார். என் மச்சினனே உள்ளதான் இருக்கான். ஆனா படபடப்புக்குக் காரணம் கேட்கக் கூடாது, மனசுக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அது தனிமனித உரிமை சார்..."

"அதை நாங்க மதிக்கிறோம் சார்."

சாயங்காலம் தெருவே அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தது.

"அந்த மணி காரணத்தையும் பார்க்கட்டும் சார்," என்றாள் ஃபிர்தௌஸ். "சந்தோஷத்துலதான் வெடிச்சோம்னு தெரிஞ்சா விட்டுருவாங்கல்ல?"

"அப்புறம் ஒவ்வொரு நினைப்பையும் பார்ப்பாங்கம்மா."

"பார்த்துட்டுப் போகட்டும்," என்றாள் மங்கை. "எனக்கு என் பிள்ளை வேணும். எழுதுங்க."

இதை எதிர்த்து நாள் முழுக்க வாதாட அவரிடம் விஷயம் இருந்தது. மங்கையின் முகத்தைப் பார்த்தார். எழுதினார். முதல் கையெழுத்தையும் போட்டார். அவர் கொடுத்த மனுக்களிலேயே அரசாங்கம் உடனே ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

காரணம் பார்க்கும் நாடிமணியை முதலில் சிறையில் இருப்பவர்களுக்குக் கட்டினார்கள். அகிலனின் மனதுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே, பிடித்துக்கொண்டு போன அன்று இல்லாத ஒன்று, சிறைக்குள்ளேயே வளர்ந்து, வெறுப்பாக முற்றிக் கிடந்தது. இவனை வெளியே விட்டால் ஆபத்து என்று எழுதினார்கள்.

இந்தத் தடவை அவர்கள் சந்தேகம் சரியாகவே இருந்தது.