ரோவன் விதைக்கு வேண்டிய குளிர்

மீன் சந்தையில் ஒரு பாளம் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் இடிபட்டு, தாகேதா பேட்டையில் தன் வீட்டுப் படியேறியபோது லத்தீபாவுக்கு மூச்சு வாங்கியது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த ஏப்ரல் வெயில். கரண்ட் போய் இரண்டு நாள்.

இத்தனை பாடும் எதற்கு? பிரிட்ஜில் இறைச்சியா கெட்டுப்போகிறது? ஒரு பிஸ்கட் டப்பா, அதில் ஈர மணல், மணலுக்குள் பதினோரு விதை. அவ்வளவுதான்.

வடக்கே பனிமலையில் செடி கணக்கெடுக்கப் போன குழுவுக்குச் சமைக்கப் போனவன், அவள் மகன் நியாஸ். கூட்டாளி கையில் சிவந்த பழங்களும் ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினான். ரோவன் மரமாம். பறவைகள் பழத்தைத் தின்று, பாறை இடுக்கிலும் வேறு மரக் கவட்டிலும் விதையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடுமாம். ஒரு பனிக்காலமாவது மூடிக்கிடந்தால்தான் முளைக்கும். 'பிரிட்ஜில் வைங்க உம்மா, நான் வந்து நடுறேன்' என்று எழுதியிருந்தான். சீட்டு வந்த ஒன்பதாம் நாள் பனிச்சரிவு அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் புறப்பட்டு நின்ற கணவர் ஷாஹுல், ஐஸைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்காவது பள்ளியில அவனுக்குக் கடைசித் தொழுகை, காயிப் ஜனாஸா தொழச் சொல்லவா? ஒடம்பு கிடைக்காத மையித்துக்கு வேற என்ன இருக்கு?"

"வெத மொளைக்கட்டும். வந்து நடுறேன்னு அவன் சொல்லிருக்கான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மனுஷன் என்னதான் செய்வார், அவருக்கும் பிள்ளைதானே.

லத்தீபா அடுப்படிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தாள்.

குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே நாலு பக்கமும் விரற்கடை தடிமனுக்குப் பனி படர்ந்திருந்தது. ஈரக் கம்பளி வாடையும் விறகுப் புகை வாடையும் வந்தன.

கதவின் உட்பக்கப் பனியில் ஐந்து விரல் தடம்.

உள்ளேயிருந்து தள்ளிய கை.

சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பந்து விளையாடி ஒடித்துக்கொண்ட விரல் அது. மூன்று வாரம் அவள்தான் எண்ணெய் போட்டுக் கட்டினாள்.

"உம்மா."

"நியாஸா?"

"குளுருது உம்மா."

லத்தீபாவின் கையிலிருந்த ஐஸ் தரையில் விழுந்து சிதறியது. டப்பாவை எடுத்துத் திறந்தாள். பதினோரு விதையில் ஒன்று வாய் பிளந்து, நூல் கனத்தில் வெள்ளை வேர் விட்டிருந்தது.

பதினான்கு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தாள். திரும்ப உள்ளே வைத்தால் பிழைக்கும். வெளியே இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது.

"போதும் உம்மா. ரொம்பக் குளுருது."

யா அல்லாஹ், மகனைப் பனி கொண்டுபோனது ஒரு நாள். அதிலேயே இத்தனை மாதமும் கிடத்தி வைத்தது பெற்றவள் அல்லவா? டப்பாவை அப்படியே பால்கனி வெயிலில் கவிழ்த்தாள். வேர் விட்ட விதையும் மணலோடு போய் விழுந்தது. பிரிட்ஜ் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஷாஹுல் படியில் பாதி இறங்கியிருந்தார்.

"ஏங்க, தொழச் சொல்லிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மீதிப் படியை வேகமாக இறங்கிப் போனார்.

லத்தீபா பாயில் உட்கார்ந்து அழுதாள். அழ அழ அடுப்படியில் பனி உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

ஈரப் பாதம் பாயை மிதித்தது.

ஒரு தலை அவள் மடியில் சாய்ந்தது.

கல்லைப் போல் ஜில்லென்று இருந்தது. அவள் கைலி தொப்பலாக நனைந்தது. லத்தீபா அசையவில்லை.

ஷாஹுல் தொழுதுவிட்டு வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரும் இல்லை. ஆனால் அசந்து தூங்கும் ஒருவனின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. அவர் சத்தம் வராதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து கெட்டிப் போர்வையைக் கொண்டுவந்து, அவள் மடியிலிருந்து பாயின் கடைசிவரை விரித்துப் போட்டார்.

போர்வை தரையில் படியவில்லை.