குழிக்குள்ளிருந்து நாலாவது பெயர்

திடீரென்று சங்கு அலறியது. வெடி வைக்குமுன் ஆட்களை விலகச் சொல்லும் கைச்சங்கு. தாண்டவராயன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அந்த ஊளை கல்குவாரியின் விளிம்பைத் தாண்டி, வல்லம் வடகால் தொழிற்சாலைக் கூரைகள் வரை போய் அடங்கியது. அவன் கையை எடுத்த பிறகும் குழிக்குள் மட்டும் அது ஓயவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது, யாரோ கீழே இன்னொரு கைப்பிடியைச் சுற்றி நிறுத்தியதுபோல.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டார் நெல்லையப்பன். வேறெதுவும் நினைக்க அவருக்கு நேரமில்லை.

பழைய கம்பெனி கைவிட்டுப் போன குழி இது. தென்காசிப் பக்கம் இருந்த வயலையெல்லாம் விற்றுவிட்டு வந்து குத்தகைக்கு எடுத்தார். அனுமதி ஒன்று கிடைத்தால் இன்னொன்று பாக்கி நின்றது. மின் இணைப்பு வந்த அன்று ஊரார் லாரிப் பாதையை மறித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தினால், மோட்டார் வைத்து இறைக்க இறைக்கக் குழியில் தண்ணீர் ஊறியது. இன்று காலைதான் அடிப்பாறை கண்ணில் பட்டது. பொழுது சாய்வதற்குள் முதல் கல் ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் போகவில்லை என்றால் நாளை குத்தகை ரத்து. இருட்டிவிட்டால் வெடி வைக்கவும் கூடாது.

"இன்னிக்கும் வெடிக்கலேன்னா மீன் வளப்போம் அண்ணாச்சி. அதுக்கு அனுமதி வேண்டாம்லா," என்று துளை போடும் பிச்சையா மத்தியானம் கேலி செய்திருந்தான். அவர் சிரிக்கவில்லை.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வற்றிய குழியிலிருந்து அழுகிய பாசியும் செத்த மீனும் சேறும் கலந்த வீச்சம் எழுந்து தொண்டையில் ஒட்டியது.

சங்கு ஓய்ந்ததும் அவரவர் பதுங்கிய இடத்திலிருந்து தன் பெயரைக் கூவ வேண்டும். அத்தனை பெயரும் மேட்டிலிருந்து வந்த பிறகே வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்புவது அங்கே வழக்கம்.

பக்கத்தில் நின்ற தாண்டவராயன் தன் பெயரைக் கூவினான். கிரஷர் பக்கமிருந்து பிச்சையா. டிப்பர் லாரிக்குப் பின்னாலிருந்து டிரைவர் மோகன். அவ்வளவுதான் ஆட்கள்.

"சுப்பிரமணி."

நிதானமான குரல். குழிக்குள்ளிருந்து.

தாண்டவராயனின் கை சாவியிலிருந்து நழுவியது. "உள்ள ஆள் கீது மொதலாளி."

நெல்லையப்பன் எட்டிப் பார்த்தார். கன்னங்கரேலென்று ஈரப்பாறை. சேறு. யாருமில்லை. ஊர்க்காரன் எவனாவது வேலையைக் கெடுக்க இறங்கி, பாறை மறைவில் ஒளிந்திருக்கலாம். இறங்கித் தேடினால் இருட்டிவிடும். இருட்டினால் எல்லாம் போய்விடும். எதிரொலிதான் என்று சொன்னார். அவருக்கே அவர் குரல் அந்நியமாகக் கேட்டது. தாண்டவராயன் தலையை ஆட்டி மறுத்தான். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார்.

தரை குலுங்கியது. புழுதி சுவர்போல் எழுந்து வானத்தை மறைத்தது. கற்கள் விழுந்தன. பிறகு ஒன்றிரண்டு. பிறகு எதுவுமில்லை.

ஆபத்து நீங்கியதும் மறுபடி பெயர் சொல்ல வேண்டும். தாண்டவராயன் வாய் திறக்கவில்லை. அவன் ஓடிக்கொண்டிருந்தான். பிச்சையாவும் மோகனும் ஓடினார்கள்.

குழி பெயர் சொல்லத் தொடங்கியது.

"சுப்பிரமணி."

"வனமாமலை."

"ஜோதி."

ஆண் குரல், பெண் குரல். ஒன்றன்பின் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே. பாதைச் சரிவில். பக்கத்தில்.

நெல்லையப்பன் புழுதிக்குள் உற்றுப் பார்த்தார்.

புழுதி விலகியது. சரிவு முழுக்க ஆட்கள். தலையில் கல். உடம்பெங்கும் பாசி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு வழிந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவன் தன் கல்லை அவர் காலடியில் மெதுவாக இறக்கி வைத்தான்.

"போன மொதலாளியும் உன்னிய மாதிரிதான், நாங்க கூவுனது காதுல வுயுந்தும் சாவியத் திருப்பிட்டாரு."